எக்ஸாக்ட் இல்லாத வகைக்கெழுச் சமன்பாடு: கணக்குப் போடத் தெரிகிறது, அர்த்தம் தெரியவில்லை

நெல்லிக்கனி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. வகைக்கெழுச் சமன்பாடு எனக்குப் பிடித்த பாடம், இந்த 'எக்ஸாக்ட்' பகுதி வரும்வரை.

கணக்கு இது: ஒய் டிஎக்ஸ் + 2 எக்ஸ் டிஒய் = 0.

நோட்டில் உள்ள முறைப்படி செய்துவிட்டேன். டிஎக்ஸோடு ஒட்டியிருப்பது ஒய். அதை ஒய்யைப் பொறுத்து வகையிட்டால் 1. டிஒய்யோடு ஒட்டியிருப்பது 2 எக்ஸ். அதை எக்ஸைப் பொறுத்து வகையிட்டால் 2. ஒன்றும் இரண்டும் சமமில்லை, ஆகவே எக்ஸாக்ட் இல்லை. பிறகு வித்தியாசத்தை எடுத்து, ஒய்யால் வகுத்து, தொகையிட்டு, அடுக்கில் ஏற்றினால் தொகையீட்டுக் காரணி ஒய் என்று வருகிறது. அதால் பெருக்கியதும் எக்ஸாக்ட் ஆகிவிடுகிறது. விடை எக்ஸ் ஒய்² = மாறிலி. மார்க் முழுதாகக் கிடைத்துவிடும்.

போன வாரம் விடுதியில் பக்கத்துக் கட்டில் தோழி, இயற்பியல் படிப்பவள், ஒன்று கேட்டாள். "எங்களுக்கு வெப்பத்துக்கு டி போடும்போது அதன் கழுத்தில் குறுக்கே ஒரு கோடு போடச் சொல்கிறார்கள். அது எக்ஸாக்ட் இல்லையாம். உன் பாடம்தானே, என்னவென்று சொல்லேன்." எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்கு இதில் விதி மட்டும்தான் தெரியும், விஷயம் தெரியாது என்று.

இந்தச் சமன்பாட்டில் எது சரியில்லை? சமன்பாடே தப்பா? தப்பு என்றால் விடை எப்படி வந்தது? எங்கிருந்தோ ஒரு ஒய்யைக் கொண்டுவந்து பெருக்குவது எப்படி நியாயம்? தயவுசெய்து சூத்திரம் எழுதாதீர்கள், அது என் நோட்டில் நாலு பக்கம் இருக்கிறது. ஒரு மனிதருக்கு மனிதர் சொல்வதுபோல் யாராவது சொல்லுங்கள்.


கரும்பலகை எழுதியது:

நல்ல கேள்வி கேட்டாய், தங்கை. இருபத்திரண்டு வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன். விதியைக் கேட்பவர்கள்தான் அதிகம்.

விடையிலிருந்து பின்னோக்கி வருவோம். எக்ஸ் ஒய்² = மாறிலி. இதை நீயே வகையிடு. ஒய்² டிஎக்ஸ் + 2 எக்ஸ் ஒய் டிஒய் = 0 என்று வரும். இரண்டு உறுப்பிலும் ஒரு ஒய் பொதுவாக இருக்கிறது. பள்ளிக்கூடப் பழக்கம் என்ன செய்யும்? பொதுவாக இருப்பதை அடித்துவிடும். வலப்பக்கம் பூஜ்யம், ஆகவே அடிப்பதில் தடையும் இல்லை. அடித்ததும் மிஞ்சியது உன் கேள்வித்தாளில் இருக்கும் ஒய் டிஎக்ஸ் + 2 எக்ஸ் டிஒய் = 0.

நீ எங்கிருந்தோ கொண்டுவந்ததாக நினைக்கிறாயே அந்த ஒய், அது இந்த வீட்டுப் பிள்ளைதான். யாரோ வெளியே அனுப்பிவிட்டார்கள், நீ கூட்டிவந்து உட்கார வைத்தாய். தொகையீட்டுக் காரணி என்பது இவ்வளவுதான். உன் நோட்டில் இருக்கும் நாலு பக்கச் சூத்திரமும், அடிபட்டுப் போன காரணி எது என்று தடயம் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிகள்.

அடித்ததால் என்ன கெட்டது? இதற்கு எண் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு கிராஃப் தாளை எடுத்துக்கொள். (1, 1) என்ற புள்ளியிலிருந்து (2, 3) என்ற புள்ளிக்குப் போக வேண்டும். இரண்டு வழி. முதல் வழி: முதலில் வலப்பக்கம், பிறகு மேலே. இரண்டாம் வழி: முதலில் மேலே, பிறகு வலப்பக்கம்.

அடிக்கப்படாத வடிவத்தை, அதாவது ஒய்² டிஎக்ஸ் + 2 எக்ஸ் ஒய் டிஒய் என்பதைக் கூட்டிக்கொண்டே போ. முதல் வழியில் வலப்பக்கம் போகும்போது 1, மேலே ஏறும்போது 16, மொத்தம் 17. இரண்டாம் வழியில் மேலே ஏறும்போது 8, வலப்பக்கம் போகும்போது 9, மொத்தம் 17. எப்படிப் போனாலும் 17. ஏனென்றால் எக்ஸ் ஒய்² என்ற ஒரு மதிப்பு தாள் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. தொடக்கத்தில் அது 1, முடிவில் 18. நீ கூட்டியது அந்த ஏற்றத்தை.

இப்போது ஒய் அடிபட்ட வடிவத்தை எடுத்துக்கொண்டு அதே இரண்டு வழியில் போ. முதல் வழியில் 1, பிறகு 8, மொத்தம் 9. இரண்டாம் வழியில் 4, பிறகு 3, மொத்தம் 7. ஒரே ஊரிலிருந்து கிளம்பி ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தோம், ஆனால் ஒருவர் கையில் 9, இன்னொருவர் கையில் 7. இதற்குப் பின்னால் 'மதிப்பு' என்று ஒன்று இருக்க முடியாது. இருந்திருந்தால் இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் சொல்லியிருப்பார்கள். இதைத்தான் எக்ஸாக்ட் இல்லை என்கிறோம். சமன்பாட்டில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு மதிப்பின் ஏற்ற இறக்கமாக அதை அப்படியே படிக்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பார். 9க்கும் 7க்கும் வித்தியாசம் 2. இரண்டு வழிக்கும் நடுவில் அடைபட்ட செவ்வகத்தின் பரப்பு 1 × 2 = 2. தற்செயல் இல்லை. நீ சோதனையில் பார்த்த 2க்கும் 1க்கும் உள்ள வித்தியாசம் 1. அதை அடைபட்ட பரப்பால் பெருக்கினால்தான் இந்த 2. குறுக்கே வகையிட்டுச் சமமா என்று பார்க்கும் சோதனை கேட்பது இதைத்தான்: வலம்போய் மேலே போவதும், மேலேபோய் வலம் போவதும் ஒன்றா?

பிறகு விடை எப்படி வந்தது என்று கேட்டாய். தாள் முழுக்கச் சம உயரக் கோடுகள் வரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள். எக்ஸ் ஒய்² = 1, எக்ஸ் ஒய்² = 2 என்று ஒவ்வொரு கோட்டிலும் எண் எழுதியிருக்கிறது. ஒய்யை அடித்தபோது கோடுகள் அழியவில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் கோடு எந்தத் திசையில் போகிறது என்ற செய்தி அப்படியே இருக்கிறது, ஏனென்றால் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் வகுத்தாலும் பூஜ்யம்தான். கோட்டின் மேல் எழுதியிருந்த எண்கள் மட்டும்தான் குழம்பிப்போயின. காரணியால் பெருக்குவது எண்களைத் திரும்ப எழுதுவது.

எண்களை ஒரே மாதிரிதான் எழுத வேண்டும் என்றும் இல்லை. இதே சமன்பாட்டை எக்ஸ் ஒய் என்பதால் வகுத்துப் பார். டிஎக்ஸ்/எக்ஸ் + 2 டிஒய்/ஒய் என்று மாறிகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நீ முதலில் படித்த மாறிகளைப் பிரிக்கும் முறையும் ஒரு தொகையீட்டுக் காரணிதான், பெயர் சொல்லாமல் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நேரியல் சமன்பாட்டுக்கு ஓர் அடுக்குக்குறிக் காரணி போட்டாயே, அதுவும் இதே ஆள்தான். ஒரே மனிதரை மூன்று வகுப்பில் மூன்று பெயரில் அறிமுகப்படுத்தினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. அது உன் குறை இல்லை.


படியேறி எழுதியது:

பழனி மலையை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பாதையில் ஏறலாம், யானைப்பாதையில் சுற்றியும் ஏறலாம். ஏறிய உயரம் ஒன்றுதான், அது எக்ஸாக்ட். நடந்த தூரமும் கால்வலியும் வழிக்கு வழி வேறு, அது எக்ஸாக்ட் இல்லை. எனக்கு இப்படித்தான் புரிந்தது.


வரைபலகை எழுதியது:

படியேறி தம்பி சொன்னதில் பாதி சரி. உயரம் சரி. கால்வலி பொருந்தவில்லை. நடந்த தூரம் கூடிக்கொண்டே போகும், குறையவே குறையாது. வந்த வழியே திரும்பி இறங்கினால் தூரம் இரண்டு மடங்காகும். கரும்பலகை டீச்சர் எழுதிய கணக்கில் அப்படி இல்லை. போன வழியிலேயே திரும்பி வந்தால் கூட்டியதெல்லாம் கழிந்து பூஜ்யமாகிவிடும். வேறு வழியில் திரும்பினால்தான் மிச்சம் விழும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் பிறகு குழப்பம் வரும்.

நான் கணக்குப் படித்தவன் இல்லை. பாசன வேலையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சர் 'மிச்சம் 2, அதுதான் பரப்பு' என்று எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த மிச்சத்தை அளந்துதான் என் குடும்பம் நடந்தது. அம்மா நெல்லிக்கனி, இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

எங்களிடம் இரண்டு வேலை இருக்கும். ஒன்று களத்தில், ஒன்று மேசையில்.

களத்தில் மட்டம் எடுப்போம். டம்பி லெவல் என்ற மட்டம் பார்க்கும் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்துவோம், எதிரே ஒருவர் ஸ்டாஃபை, அதாவது அளவு குறித்த மட்டக்கோலைப் பிடித்து நிற்பார். உயரம் தெரிந்த ஒரு பெஞ்ச் மார்க்கில் தொடங்கி, பின்னால் ஒரு பார்வை, முன்னால் ஒரு பார்வை என்று எழுதிக்கொண்டே ஏரிக்கரை மேல் போய், கலங்கல், மதகு எல்லாம் தொட்டு, வயல் வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு அதே பெஞ்ச் மார்க்குக்கே வருவோம். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் அது குளோசிங் எரர். சில மில்லிமீட்டர் என்றால் பங்கிட்டுச் சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் மறுநாள் காலையில் மறுபடி முக்காலியைத் தூக்க வேண்டியதுதான். உயரம் என்பது அந்த இடத்துக்குச் சொந்தமான எண். எந்த வழியாக வந்து கேட்டாலும் அது மாறக் கூடாது. இதுதான் உன் எக்ஸாக்ட்.

மேசைக்கு வந்தால் கதை தலைகீழ். ஏரியின் சம உயரக் கோடுகளை வரைந்தபின், ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் எவ்வளவு பரப்பு என்று தெரிய வேண்டும். முழு நீர் மட்டத்தில் இவ்வளவு பரப்பு, ஒரு மீட்டர் கீழே இவ்வளவு, இரண்டு மீட்டர் கீழே இவ்வளவு. அடுத்தடுத்த இரண்டு பரப்பின் சராசரியை இடையிலுள்ள உயரத்தால் பெருக்கி, கூட்டிக்கொண்டே போனால் ஏரியின் கொள்ளளவு. ஆனால் ஏரி வட்டமாகவா இருக்கிறது? உள்ளங்கை மாதிரி விரல் விரலாக ஓடைகளுக்குள் நீண்டிருக்கும். அதை அளக்க பிளானிமீட்டர் என்று ஒரு கருவி. ஸ்விட்சர்லாந்துக்காரர் யாக்கோப் ஆம்ஸ்லர் 1854இல் செய்தது.

இரண்டு கை, நடுவில் ஒரு மூட்டு, நம் முழங்கையைப் போல. ஒரு கையின் நுனியில் எடைக்கட்டி, அது தாளில் அசையாமல் நிற்கும். இன்னொரு கையின் நுனியில் ஊசி. மூட்டுக்குப் பக்கத்தில் நாலணாக் காசு அளவில் ஒரு சக்கரம், விளிம்பில் நூறு கோடு, பக்கத்தில் வெர்னியர். ஊசியைக் கோட்டின் மேல் ஓர் இடத்தில் வைத்துப் பென்சிலால் ஒரு புள்ளி குறித்துக்கொள்வோம். சக்கரத்தைப் படித்து எழுதுவோம். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியைக் கோட்டின் மேலேயே வலஞ்சுழியாக ஓட்டி, அதே புள்ளிக்குத் திரும்பி வந்து மறுபடி படிப்போம்.

அந்தச் சக்கரம் செய்வதைத்தான் நீ கவனிக்க வேண்டும். ஊசி போகும்போது சக்கரம் சில நேரம் உருளும், சில நேரம் உருளாமல் பக்கவாட்டில் வழுக்கும், சில நேரம் பின்னோக்கி உருளும். தன் அச்சுக்குக் குறுக்கே நகர்ந்தால்தான் உருளும். அச்சின் நீளவாக்கில் நகர்ந்தால் வழுக்கும். ஆகவே ஊசியின் ஒவ்வொரு சின்ன நகர்வுக்கும் அது எந்த இடத்தில், எந்தத் திசையில் என்பதைப் பொறுத்து ஒரு சின்ன எண்ணைச் சேர்க்கும் அல்லது கழிக்கும். டீச்சர் எழுதிய டிஎக்ஸ், டிஒய் கணக்கு இரும்பில் செய்து வைத்தது போலத்தான்.

ஊசி கிளம்பிய புள்ளிக்கே வந்துவிட்டது. ஆனால் சக்கரம் கிளம்பிய எண்ணுக்கு வரவில்லை. அந்த மிச்சத்தைக் கருவியின் மாறிலியால் பெருக்கினால் பரப்பு. களத்தில் சுற்றி வந்து மிச்சம் விழுந்தால் தப்பு. மேசையில் சுற்றி வந்து மிச்சம் விழாவிட்டால் கருவியே வீண். சக்கரம் எக்ஸாக்டாக இருந்திருந்தால், எந்த ஏரியைச் சுற்றினாலும் பூஜ்யம்தான் காட்டும், ஒரு சென்ட் நிலத்தைக்கூட அதால் அளக்க முடியாது. எக்ஸாக்ட் இல்லாமை ஒரு குறை என்று உனக்கு யார் சொன்னாலும் நம்பாதே. அந்தச் சக்கரம் தான் வந்த வழியை ஞாபகம் வைத்திருக்கிறது, மட்டக்கோல் வைத்திருப்பதில்லை.

ஒன்று விட்டுப்போனது. ஊசியை இடஞ்சுழியாக ஓட்டினால் அதே பரப்பு கழித்தலில் வரும். புதிதாக வேலைக்கு வந்தபோது ஒருநாள் மதியம் முழுக்க அப்படி ஓட்டிவிட்டு, ஏரியின் பரப்பு ஏன் குறைந்துகொண்டே போகிறது என்று புரியாமல் தவித்திருக்கிறேன். பெரிய வரைவாளர் ஒன்றும் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார். இன்றைக்கும் அந்தப் பிடி ஞாபகம் இருக்கிறது.


கரும்பலகை எழுதியது:

ஐயா, அடுத்த வாரம் இதை வகுப்பில் சொல்லப்போகிறேன். நான் இந்தக் கருவியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு தகவல். தொகையீட்டுக் காரணியைப் பற்றி முதலில் எழுதிய கணித அறிஞர்களில் ஆய்லரும் உண்டு, அலெக்ஸி கிளேரோவும் உண்டு. நெல்லிக்கனி நோட்டில் இருக்கும் குறுக்குச் சோதனை 1740 வாக்கில் கிளேரோ எழுதியவற்றில் வருகிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1736இல், அவர் வட ஐரோப்பாவின் லாப்லாந்துப் பனியில் நில அளவைக்குப் போனவர். பூமி துருவத்தில் தட்டையா என்று பார்க்கத் தீர்க்கரேகை ஒன்றின் ஒரு பாகை நீளத்தை அளக்கப் போன குழுவில் அவரும் இருந்தார். உங்கள் தொழில்தான்.


இன்ஜின்_அறை எழுதியது:

வரைபலகை ஐயாவின் பிளானிமீட்டரை நான் கப்பலில் ஓட்டியிருக்கிறேன். தோழி கேட்ட வெப்பக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பழைய மெதுவேக டீசல் இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இண்டிகேட்டர் கார்டு எடுப்போம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிரம், அதில் சுற்றிய தாள், ஒரு பென்சில். பிஸ்டன் போய்வரும்போது கயிறு டிரம்மைத் திருப்பும், சிலிண்டர் அழுத்தம் பென்சிலை மேலே தள்ளும். ஒரு சுற்று முடிந்ததும் தாளில் மெலிந்த வாழைப்பூ மாதிரி ஒரு மூடிய வளைவு. கிடைவாக்கில் கன அளவு, செங்குத்தில் அழுத்தம். அந்த வளைவுக்குள் இருக்கும் பரப்பைப் பிளானிமீட்டரால் எடுத்தால், அந்தச் சுற்றில் வாயு பிஸ்டனுக்குக் கொடுத்த வேலை தெரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுகிறது, ஆனாலும் வேலை மிச்சம். வேலை எக்ஸாக்டாக இருந்திருந்தால் சுற்று முடியும்போது பூஜ்யம். கப்பல் ஓர் அடி நகராது.

தோழிக்குச் சொல்ல இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் இலட்சிய வாயு, 2 வளிமண்டல அழுத்தம், 300 கெல்வின். இதை 2 லிட்டர், 1 வளிமண்டல அழுத்தத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் தொடக்கத்திலும் 2, முடிவிலும் 2, ஆகவே முடிவிலும் 300 கெல்வின்தான். அக ஆற்றல் மாறவில்லை. மொத்தத்தில் உள்ளே வந்த வெப்பம் எவ்வளவோ, அவ்வளவும் வேலையாக வெளியே போயிருக்கும்.

முதல் வழி: அழுத்தத்தை 2இல் வைத்தபடி விரியவிட்டு, பிறகு கன அளவைப் பிடித்துக்கொண்டு குளிரவைக்கிறோம். வாயு 600 கெல்வின் வரை போய்த் திரும்புகிறது. ஹீலியம் போன்ற ஓரணு வாயு என்றால் 5 லிட்டர்-வளிமண்டலம் வெப்பம் உள்ளே, 3 வெளியே, நிகரம் 2. இரண்டாம் வழி: முதலில் குளிரவைத்து அழுத்தத்தை 1க்கு இறக்கிவிட்டு, பிறகு விரியவிடுகிறோம். வாயு 150 கெல்வினுக்கு இறங்கி ஏறுகிறது. 1.5 வெளியே, 2.5 உள்ளே, நிகரம் 1. ஒரு லிட்டர்-வளிமண்டலம் ஏறக்குறைய 101 ஜூல். ஒரு வழியில் 203 ஜூல் வெப்பம், இன்னொரு வழியில் 101. தொடக்கமும் முடிவும் ஒன்றே. ஆகவே 'இந்த வாயுவுக்குள் இவ்வளவு வெப்பம் இருக்கிறது' என்று சொல்வதற்கே வழியில்லை. டியின் கழுத்தில் போடும் கோடு அதைத்தான் எச்சரிக்கிறது: இது சின்ன அளவு வெப்பம், ஆனால் வெப்பம் என்ற ஒரு மதிப்பின் மாற்றம் என்று நினைத்துவிடாதே. பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் நிலைச்சார்பு, வழிச்சார்பு என்று மனப்பாடம் செய்தோமே, இதுதான் அது.

இனிமேல்தான் நெல்லிக்கனியின் காரணி வருகிறது. ஒவ்வொரு துளி வெப்பத்தையும் அது உள்ளே வரும் நேரத்து வெப்பநிலையால் வகுத்துக்கொண்டே கூட்டுங்கள். முதல் வழியில் வெப்பநிலை இரட்டித்தபோது 2.5 மடங்கு மடக்கை 2, பிறகு பாதியானபோது கழித்தல் 1.5 மடங்கு மடக்கை 2. மிச்சம் ஒரு மடக்கை 2. இரண்டாம் வழியில் முதலில் கழித்தல் 1.5, பிறகு 2.5. அதே மிச்சம். (இங்கே மடக்கை என்பது இயல் மடக்கை. வாயுவின் அளவுக்கேற்ற மாறிலி இரண்டுக்கும் பொது.) 203ம் 101ம் ஒத்துப்போகவில்லை, ஆனால் வெப்பநிலையால் வகுத்ததும் இரண்டு வழியும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. அப்படியானால் அதற்குப் பின்னால் ஒரு மதிப்பு இருக்கிறது. அதற்கு இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் 1865இல் வைத்த பெயர்தான் என்ட்ரோபி. வெப்பத்தின் தொகையீட்டுக் காரணி, ஒன்றை வெப்பநிலையால் வகுத்தது.

இரண்டு மாறிகள் மட்டும் இருக்கும்போது, டிஎக்ஸோடும் டிஒய்யோடும் ஒட்டியிருக்கும் இரண்டு கெழுக்களும் ஒரே இடத்தில் பூஜ்யமாகாதவரை, ஏதோ ஒரு காரணி அக்கம்பக்கத்தில் இருந்தே தீரும். மூன்று, நான்கு மாறிகள் வந்தால் கணிதத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் எத்தனை மாறி வந்தாலும் வெப்பத்துக்கு வெப்பநிலை காரணியாக நிற்கிறது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.


நெல்லிக்கனி எழுதியது:

எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ராத்திரி தோழியும் நானும் ஒரே நோட்டில் உட்கார்ந்து வாயுக் கணக்கைப் போட்டு முடித்தோம். 2.5ம் 1.5ம் கழிந்து ஒன்று மிஞ்சியதும் அவள் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி டியின் கழுத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

பிறகு டீச்சர் சொன்ன மாதிரி நானே ஒரு கணக்கை உருவாக்கினேன். எக்ஸ்³ ஒய்² என்று எடுத்து வகையிட்டேன். 3 எக்ஸ்² ஒய்² டிஎக்ஸ் + 2 எக்ஸ்³ ஒய் டிஒய். பொதுவாக இருந்த எக்ஸ்² ஒய்யை அடித்தேன். 3 ஒய் டிஎக்ஸ் + 2 எக்ஸ் டிஒய் = 0 என்று மட்டும் எழுதி, வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒருத்தியிடம் கொடுத்தேன். நான் அடித்ததையே அவள் கண்டுபிடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சூத்திரம் போட்டு, காரணி வர்க்கமூலம் எக்ஸ் என்று கொண்டுவந்தாள். எக்ஸ்² ஒய் எங்கே, வர்க்கமூலம் எங்கே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தப்பு செய்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் விடையைப் பார்த்தால் எக்ஸின் ஒன்றரை அடுக்கு, அதோடு ஒய், அதன் இரண்டு மடங்கு = மாறிலி. வர்க்கப்படுத்திப் பார்த்தேன். என்னுடைய எக்ஸ்³ ஒய்²தான், நாலு மடங்காக! கோடுகள் அதேதான், எண்களை மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறாள். டீச்சர் சொன்ன வார்த்தை அப்போதுதான் உள்ளே இறங்கியது.

வரைபலகை ஐயா, உங்களிடம் அந்தக் கருவி இன்னும் இருக்கிறதா?


வரைபலகை எழுதியது:

சொந்தமாக வாங்கியது ஒன்று பீரோவில் இருக்கிறது, அம்மா. உன் கேள்வியைப் படித்துவிட்டு எடுத்தேன். பெட்டியின் உள்ளே வெல்வெட் உதிர்ந்துபோயிருக்கிறது. சக்கரத்தின் விளிம்பில் விரல் படக்கூடாது, வியர்வை பட்டால் துரு பிடிக்கும், பிடித்தால் வழுக்க வேண்டிய இடத்தில் உருளும். நல்லவேளை, துரு இல்லை. அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.

டீச்சரின் செவ்வகத்தையே எடுத்துக்கொண்டேன். ஒன்றுக்கு இரண்டு. கிராஃப் தாளில் அகலம் 5 சென்டிமீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். கீழ் இடது மூலையில் புள்ளி வைத்து, வலஞ்சுழியாக, முதலில் மேலே, பிறகு வலப்பக்கம், பிறகு கீழே, பிறகு இடப்பக்கம் என்று நாலு பக்கமும் ஓட்டினேன். கை முன்போல் நிற்கவில்லை, மேல் மூலையில் ஊசி கொஞ்சம் வெளியே போய்விட்டது. முதல் தடவை 50.4. ஸ்கேலை அணைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓட்டினேன். 50.1.

பிறகு டீச்சரின் முதல் வழியில் போய் இரண்டாம் வழியில் திரும்பினேன், அதாவது இடஞ்சுழியாக. சக்கரம் பின்னோக்கிப் போய் 50க்கு ஒரு கோடு இந்தப் பக்கம் நின்றது. பேத்தி பக்கத்தில் நின்று, "அதே இடத்துக்குத்தானே தாத்தா வந்தீங்க, அது மட்டும் ஏன் வேற நம்பர் காட்டுது?" என்றாள். ஏழாவது படிக்கிறாள். ஊசியை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். இப்போது தன் உள்ளங்கையைத் தாளில் வைத்து விரல் விரலாக வரைந்துகொண்டிருக்கிறாள்.